சிஎன்சி ரூட்டருக்கு எந்த மென்பொருள்?

சிஎன்சி ரூட்டர் என்பது, வேகமாகச் சுழலும் பிட்டைக் கணினியின் கட்டளைப்படி மூன்று அச்சுகளில் நகர்த்தி மரம், பிளைவுட், எம்டிஎஃப், அக்ரிலிக் போன்றவற்றை வெட்டிச் செதுக்கும் இயந்திரம். கதவுப் பட்டறைகளில் எட்டடிக்கு நான்கடி மேசையோடு நிற்கும் இதே இயந்திரம், இப்போது வீட்டு மேசைமேல் வைக்கும் அளவிலும் கிடைக்கிறது. பல நிறுவனங்கள் '3018' என்ற பெயரில் விற்பது அந்த வகைதான். ஏறத்தாழ 30 செ.மீ.க்கு 18 செ.மீ. பரப்பில் அது வேலை செய்யும். பெட்டியைப் பிரித்து ஒரே நாளில் பூட்டிவிடலாம். வாங்கியவர் திணறுவது அதற்குப் பிறகுதான்: படத்தை எதில் வரைவது, பிட் போகும் பாதையை எதில் போடுவது, இயந்திரத்தை எதைக்கொண்டு ஓட்டுவது?

எல்லாவற்றையும் செய்துதரும் ஒரே மென்பொருளைத் தேடுவதால்தான் பெரும்பாலும் இந்தக் குழப்பம் வருகிறது. வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் வடிவமைப்பு, இதைக் கேட் என்கிறார்கள். பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் இங்கே முடிவாகிறது. அடுத்தது கேம். எந்த பிட், எவ்வளவு ஆழம், எத்தனை சுற்று, எந்த வேகம் என்று தீர்மானித்து, அதை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது இதன் பொறுப்பு. மூன்றாவது கட்டுப்பாடு. கட்டளைகளை வரிவரியாகப் படித்து மோட்டார்களைச் சுழற்றும் பகுதி இது. சில மென்பொருள்கள் இரண்டு கட்டங்களைச் சேர்த்துச் செய்யும். ஒன்றிரண்டு மூன்றையும் செய்யும். ஆனாலும் தேர்வு செய்பவர் இம்மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதே நல்லது. ஒரு கட்டத்தில் பிடிக்காததை மாற்ற, மற்ற இரண்டையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

இப்படிப் பிரித்து மாற்ற முடிவதற்குக் காரணம், கேமுக்கும் கட்டுப்பாட்டுக்கும் நடுவே ஓடும் ஜி-கோடு. எண்களால் இயக்கப்படும் வெட்டும் இயந்திரத்தை அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடம் 1952இல் இயக்கிக் காட்டியது. அந்தத் துறைக்கான கட்டளைமொழி பின்னர் ஆர்எஸ்-274 என்று தரப்படுத்தப்பட்டு, 1980இல் அதன் 'டி' திருத்தம் வந்தது. இன்றைய மேசை ரூட்டரும் அந்த மொழியின் வழித்தோன்றலைத்தான் பேசுகிறது. 'ஜி1 எக்ஸ்40 ஒய்25 எஃப்800' என்றொரு வரி இருந்தால், பிட் நிமிடத்துக்கு 800 மி.மீ. வேகத்தில் எக்ஸ் 40, ஒய் 25 என்ற புள்ளிக்கு நேர்கோட்டில் போக வேண்டும் என்று பொருள். ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாக நகர்வது. ஜி2, ஜி3 வளைவுகள். எம்3 பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலை ஓடவிடுவது, எம்5 நிறுத்துவது. கோப்பைச் சாதாரண நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். இந்தப் பத்துப் பன்னிரண்டு கட்டளைகளைத் தெரிந்துகொள்பவருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

தேர்வைக் கடைசிக் கட்டத்திலிருந்து, அதாவது கட்டுப்பாட்டிலிருந்து தொடங்குவதே முறை. ஏனெனில் அது பெரும்பாலும் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இயந்திரத்தோடு வந்த கன்ட்ரோலர் பலகைதான் அதைத் தீர்மானிக்கிறது. சிறிய ரூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது ஜிஆர்பிஎல். நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் எழுதி வெளியிட்ட இந்தத் திறந்த மூல ஃபர்ம்வேரைப் பின்னர் சங்கன் ஜியோன் வளர்த்தெடுத்தார். 32 கிலோபைட் நினைவகம் கொண்ட ஆர்டுயினோ ஊனோ பலகைக்குள் இது முழுதாக அடங்குகிறது. வரவிருக்கும் 16 நகர்வுகள் வரை முன்கூட்டியே பார்த்து, திருப்பங்களில் வேகத்தைக் குறைத்து, நேர்ப்பாதையில் கூட்டி ஓட்டுகிறது. இவ்வளவு சிறிய பலகையில் இவ்வளவு நேர்த்தியான வேலை நடப்பது பாராட்டப்பட வேண்டியது. வீட்டுச் சிஎன்சி பரவியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அதன் எல்லையையும் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 3018 வகையில் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். மோட்டாரை இயக்கும் டிரைவர் சிப் ஒவ்வோர் அடியையும் 16ஆகப் பிரிக்கும். லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தும். 200ஐ 16ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 800. ஒரு மில்லிமீட்டருக்கு 800 துடிப்பு என்ற இந்த எண்தான் ஜிஆர்பிஎல் அமைப்பில் $100 என்ற வரியில் எக்ஸ் அச்சுக்காக எழுதப்பட்டிருக்கும். ஊனோவில் ஜிஆர்பிஎல் தடுமாறாமல் தரக்கூடிய துடிப்பு விநாடிக்குச் சுமார் 30,000. ஆக, அதிகபட்ச வேகம் விநாடிக்கு 37.5 மி.மீ.; நிமிடத்துக்கு 2,250 மி.மீ. 3018இன் இலேசான சட்டத்துக்கு இதுவே தாராளம். பெல்ட்டில் ஓடும் பெரிய ரூட்டருக்கும், ஆயிரக்கணக்கான நுண்ணிய கோடுகளால் ஆன புடைப்புச் சிற்ப வேலைக்கும் இது சில வேளை போதாமல் போகும். அப்போது 32 பிட் பலகைக்கு மாறலாம். ஜிஆர்பிஎல்ஹால், ஃப்ளூயிட்என்சி ஆகியவை அத்தகைய பலகைகளுக்கானவை. பின்னது இஎஸ்பி32 சிப்பில் ஓடுவதால் வைஃபை வசதியும் சேர்ந்து வருகிறது. பழைய ஜிஆர்பிஎல் தெரிந்தவருக்கு இரண்டும் அன்னியமாக இருக்காது.

ஜிஆர்பிஎல் இல்லாத உலகமும் உண்டு. மேக்3 ஒரு காலத்தில் வீட்டுப் பட்டறைகளின் அரசனாக இருந்தது. விண்டோஸ் கணினியே பேரலல் போர்ட் வழியாகத் துடிப்பு அனுப்பும் முறை அது. ஆனால் துடிப்பு அனுப்பும் அதன் டிரைவர் நிரல் 64 பிட் விண்டோஸில் ஓடாது. புதுக் கணினிகளில் அந்தப் போர்ட்டும் இல்லை. தனி மோஷன் கார்டு வாங்கிப் போட்டு இன்றும் பலர் அதை ஓட்டுகிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் அந்த வழியில் போகக் காரணம் எதுவும் இல்லை. லினக்ஸ்சிஎன்சி வேறு கதை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் பிறந்து, பொதுச் சொத்தாகத் திறந்துவிடப்பட்டு, இன்றும் தன்னார்வலர்களால் வளரும் திட்டம் அது. நான்கு, ஐந்து அச்சு வேலை, பழைய தொழிற்சாலை இயந்திரத்துக்கு மறுவாழ்வு கொடுப்பது போன்றவற்றில் அதற்கு ஈடு குறைவு. நேரம் தவறாத சிறப்பு லினக்ஸ் கர்னலும், அதற்கு ஒத்துவரும் கணினியும், அமைப்புக் கோப்புகளைப் படித்துத் திருத்தும் பொறுமையும் தேவை. மூன்று அச்சு மேசை ரூட்டருக்கு அது தேவைக்கு மிஞ்சியது.

ஜிஆர்பிஎல் பலகைக்குக் கணினியிலிருந்து கோப்பை ஊட்ட ஒரு மென்பொருள் வேண்டும். யுனிவர்சல் ஜிகோடு சென்டர், கேண்டில், சிஎன்சிஜேஎஸ், ஜிசென்டர் ஆகியவை எல்லாமே இலவசம். அவை செய்யும் வேலையும் ஒன்றே: ஒரு வரியை அனுப்புவது, பலகை 'ஓகே' என்று பதில் சொன்னால் அடுத்ததை அனுப்புவது, பிழை எண் வந்தால் நின்று காட்டுவது. கேண்டில் எளிமையானது, பழைய கணினியிலும் ஓடும். சிஎன்சிஜேஎஸ் ஒரு ராஸ்ப்பெர்ரி பையில் ஓட, கைபேசி உலாவியிலிருந்து இயந்திரத்தை நகர்த்தலாம். ஜிசென்டர் அதிலிருந்து கிளைத்தது. கனடாவின் சியென்சி லேப்ஸ் உருவாக்கியது. வேலை தொடங்கும் புள்ளியைப் பூஜ்யமாக வைப்பதும் பிட்டின் உயரத்தைத் தொட்டு அளப்பதும் புதியவருக்குப் புரியும்படி அதில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றுக்குள் எதைத் தேர்வது என்று வாரக்கணக்கில் யோசிக்க வேண்டியதில்லை. ஒன்று பிடிக்காவிட்டால் அதே கோப்பை இன்னொன்றில் திறந்துகொள்ளலாம்.

யோசிக்க வேண்டிய இடம் கேம். மரத்தைப் பற்றிய அறிவு மென்பொருளுக்குள் நுழைவது இங்கேதான். பிட்டின் பல் ஒரு தடவைக்கு எவ்வளவு தடிமனான சீவலை எடுக்கிறது என்பதை வைத்து வேகம் கணக்கிடப்படுகிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று, பிட்டில் இரண்டு பல், ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் மூன்றையும் பெருக்கி நிமிடத்துக்கு 1,000 மி.மீ. என்று வரும். பயந்துபோய் வேகத்தை 200க்குக் குறைத்தால் பிட் வெட்டாமல் தேய்க்கும். மரம் கருகும், பிட் மழுங்கும். கட்டுப்பாட்டு மென்பொருள் இதையெல்லாம் கண்டுகொள்ளாது. கேமில் எழுதியதை அப்படியே ஓட்டும். ஆகவே ஒரு கேம் மென்பொருளைச் சோதிக்கும்போது, அதில் சொந்த பிட் பட்டியலைச் சேமிக்க முடிகிறதா, வெட்டி முடிந்ததும் துண்டு எகிறாமல் பிடித்துக்கொள்ளும் சிறு பாலங்களைத் தேவையான இடத்தில் வைக்க முடிகிறதா, பிட் நேராகக் குத்தாமல் சரிவாக இறங்குமா, வெட்டுவதற்கு முன் திரையில் முழு வேலையையும் ஓட்டிக் காட்டுமா என்று பார்க்க வேண்டும்.

அதைவிட முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கேம் மென்பொருளில் தன் கன்ட்ரோலருக்கு ஏற்றபடி ஜி-கோடை எழுதித்தரும் போஸ்ட் பிராசசர் இருக்கிறதா என்பது. ஜி-கோடு ஒரே மொழி என்றாலும் அதற்கு வட்டார வழக்குகள் உண்டு. மேக்3க்காக எழுதிய கோப்பில் பிட் மாற்றுவதற்கான எம்6 இருக்கும்; ஜிஆர்பிஎல் 1.1 அந்தக் கட்டளையை ஏற்காமல் 20ஆம் எண் பிழையைக் காட்டி மறுத்துவிடும். துளைபோடும் சுருக்கக் கட்டளையான ஜி81ம் அதற்குத் தெரியாது; ஏறி இறங்கும் தனித்தனி நகர்வுகளாக விரித்துக் கொடுக்க வேண்டும். கோப்பின் தொடக்கத்தில் ஜி20 இருந்தால் அளவுகள் அங்குலம், ஜி21 என்றால் மில்லிமீட்டர். இது மாறிப்போனால் வேலை 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வரும். போஸ்ட் பிராசசரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பவர் இவற்றில் எதையும் கையால் திருத்த வேண்டியிருக்காது.

இனி கடையில் இருப்பவை. முதல் மாதத்துக்கு ஈசல் போதும். சிகாகோவின் இன்வென்டபிள்ஸ் நடத்தும் இது, உலாவிக்குள் வரைந்து, பாதை போட்டு, ஜிஆர்பிஎல் இயந்திரத்தை ஓட்டவும் செய்யும். இணைய இணைப்பு இதற்கு அவசியம். நல்ல வசதிகள் பலவும் சந்தாவுக்குப் பின்னால் இருக்கின்றன. ஜெர்மனியின் எஸ்ட்ல்கேம் கணினியிலேயே ஓடும் சிறிய, நேர்மையான மென்பொருள். தட்டையான வெட்டு வேலைகளுக்கு அருமை. பெயர்ப்பலகை, பூவேலை, கதவுச் சட்டம் என்று மர வேலையே நோக்கமாக இருந்தால் பிரிட்டனின் வெக்ட்ரிக் வெளியிடும் விகார்வுக்குப் பெயர் உண்டு. ஒரு முறை பணம் கட்டினால் போதும். விலை பொழுதுபோக்குக்குக் கொஞ்சம் கனம். அதன் சோதனைப் பதிப்பில் எல்லாவற்றையும் செய்து பார்க்கலாம், ஆனால் சொந்த வேலையை இயந்திரத்துக்கு அனுப்ப முடியாது. உடன் வரும் மாதிரிகளை மட்டுமே வெட்டலாம். பல்சக்கரம், பெட்டி, இயந்திரப் பாகம் போல அளவு துல்லியமாகப் பொருந்த வேண்டியவற்றைச் செய்பவருக்கு ஆட்டோடெஸ்க்கின் ஃப்யூஷனும் ஃப்ரீகேடும் ஏற்றவை. ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த பாகங்கள் தாமாக மாறிக்கொள்வது இவற்றின் பலம். ஃப்ரீகேட் முற்றிலும் இலவசம், திறந்த மூலம். நீண்ட வளர்ச்சிக்குப் பின் அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. கற்றுக்கொள்ளச் சில வாரம் பிடிக்கும். அந்த உழைப்பு வீண்போகாது.

தமிழில் செதுக்குபவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'கோமதி இல்லம்' என்று ஒரு பெயர்ப்பலகை என்று வைத்துக்கொள்ளலாம். யூனிகோடில் 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியும் என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும்போது குறியின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னும் மறுபாதி பின்னும் போய் அமர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத வடிவமைப்பு மென்பொருள்கள் எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும், பெயர் சிதையும். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது. அதில் தட்டச்சு செய்து, எழுத்தைப் பாதையாக மாற்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும் கோடுகளை இணைத்து, எஸ்விஜி கோப்பாகச் சேமித்தால் போதும். அதன் பிறகு அது எழுத்து அல்ல, வெறும் கோட்டுருவம். எந்தக் கேம் மென்பொருளும் தவறில்லாமல் எடுத்துக்கொள்ளும். அளவை மட்டும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். இங்க்ஸ்கேப் 0.92க்கு முந்தைய பதிப்புகள் அங்குலத்துக்கு 90 புள்ளி என்றும் 0.92 முதலானவை 96 என்றும் கணக்கிடுகின்றன. கேம் மென்பொருள் பழைய கணக்கிலேயே படித்தால் 100 மி.மீ. கட்டம் 106.67 மி.மீ. ஆக வந்து நிற்கும். பெயருக்குப் பக்கத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து அனுப்பி அளந்துவிட்டால் பிறகு கவலை இல்லை.

எழுத்தின் சுழிகளும் கவனத்துக்குரியவை. ண, ஞ போன்றவற்றின் உட்சுழிக்குள் 3 மி.மீ. நேர்பிட் நுழையவே முடியாமல் போகலாம். அங்கே உதவுவது வி-பிட். கோடு அகலமாகும் இடத்தில் ஆழமாகவும், குறுகும் இடத்தில் மேலேறியும் ஓடும் இந்த முறையில், 6 மி.மீ. அகலக் கோட்டுக்கு 90 பாகை பிட் 3 மி.மீ. இறங்கும், 60 பாகை பிட் 5.2 மி.மீ. வரை போகும். 6 மி.மீ. பலகையில் இரண்டாவதைப் போட்டால் அடியில் மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டரும் இல்லை. விகார்வ் இதில் தேர்ந்தது. இலவசமாகச் செய்ய எஃப்-என்கிரேவ் இருக்கிறது. தோற்றம் பழையதானாலும் கணக்கு பிசகாது.

சாமி படங்கள், மயில், யானை முகம் என்று புடைப்புச் சிற்பம் செதுக்குவோருக்கு நீண்ட காலம் பழகிய பெயர் ஆர்ட்கேம். அதன் கதையைத் தேர்வு செய்பவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் டெல்கேம் நிறுவனத்துடையது அது. டெல்கேமை 2014இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2018இல் ஆர்ட்கேமை நிறுத்திவிட்டது. அதன் மூல நிரலின் உரிமத்தைப் பெற்ற கார்வ்கோ, அதே வகை மென்பொருளைத் தன் பெயரில் தொடர்ந்து கொடுக்கிறது. அப்படி ஒருவர் முன்வராமல் போயிருந்தால் பல ஆண்டுக் கோப்புகள் திறக்க ஆளில்லாமல் கிடந்திருக்கும். ஃப்யூஷனிலும் இதற்கொரு பாடம் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான இலவசப் பதிப்பில் 2020 அக்டோபரில் வசதிகள் குறைக்கப்பட்டன: திருத்தக்கூடிய கோப்புகள் ஒரு நேரத்தில் பத்துதான், தானாக பிட் மாற்றும் வசதி இல்லை, ஜி0 வேக நகர்வும் இல்லை. பிட் வெறும் காற்றில் நகரும்போதும் வெட்டும் வேகத்திலேயே ஊர்கிறது. கையால் பிட் மாற்றும் சிறிய இயந்திரத்துக்கு இவை பெரிய இழப்பல்ல. ஃப்யூஷன் இன்றும் நல்ல தேர்வுதான். ஆனால் இலவசம் என்பது கொடுப்பவர் விரும்பும் வரைக்குமே என்பதை மறந்து அதில் வேலையை நிரப்பிவைப்பது ஆபத்து.

ஆகவே எந்த மென்பொருளில் வரைந்தாலும், முடிந்த வேலையைப் பொது வடிவத்திலும் ஒரு பிரதி எடுத்துவைப்பது கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டிய பழக்கம். தட்டையான கோட்டு வேலைக்கு டிஎக்ஸ்எஃப் அல்லது எஸ்விஜி, முப்பரிமாணப் பாகத்துக்கு ஸ்டெப், புடைப்புச் சிற்பத்துக்கு எஸ்டிஎல். ஜி-கோடு கோப்பை மட்டும் வைத்திருப்பது போதாது. பிட்டின் விட்டம் மாறினால் அந்தக் கோப்பு பயன்படாது. எந்த பிட், எந்த மரம், என்ன வேகம் என்று ஒரு சிறு குறிப்பும் அதே கோப்புறையில் இருந்தால் அடுத்த வருடம் அதே வேலையைத் திரும்பச் செய்வது சுலபம்.

மென்பொருள் சரியாக அமைந்தும் வேலை பாதியில் நிற்பதுண்டு. ஸ்பிண்டில் மோட்டாரின் மின் இரைச்சல் யுஎஸ்பி கேபிளில் ஏறி இணைப்பு அறுவது ஒரு காரணம். நீளம் குறைந்த, கவசமுள்ள கேபிள் இதைப் பெரும்பாலும் தீர்க்கும். கணினி தானாகத் தூங்கப் போவது இன்னொன்று; மின்சேமிப்பு அமைப்பில் அதை அணைத்துவைக்க வேண்டும். மின்வெட்டு மூன்றாவது. ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் நின்ற இடம் நினைவிருக்காது. லிமிட் சுவிட்ச் பொருத்தி ஹோமிங் செய்யும் இயந்திரம் மூலைக்குப் போய்த் தன் இடத்தை மறுபடி கண்டுகொள்ளும். ஜி54இல் வைத்த வேலைப் பூஜ்யத்தை ஜிஆர்பிஎல் மின்சாரம் போனாலும் சேமித்து வைத்திருப்பதால், விட்ட இடத்துக்கு அருகிலிருந்து தொடரலாம். ஜி92இல் வைத்த பூஜ்யம் அப்படி நிற்காது. லிமிட் சுவிட்ச் இல்லாத 3018 வாங்கியவர் மென்பொருளுக்குச் செலவழிப்பதற்கு முன் அதற்குச் செலவழிப்பது மேல்.

திரையில் இருக்கும் நிறுத்து பொத்தானை அவசர நிறுத்தமாக நம்பக் கூடாது. அது நகர்வை மட்டும் நிறுத்திவைக்கலாம். ஸ்பிண்டில் சுழன்றுகொண்டே இருக்கும். ஸ்பிண்டிலின் மின்சாரத்தையே துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

புது மென்பொருளில் போட்ட முதல் கோப்பை மரத்தில் இறக்குவதற்கு முன், கேமோட்டிக்ஸ் போன்ற இலவச நிரலில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அடுத்து இசட் பூஜ்யத்தை மரத்துக்கு மேலே 20 மி.மீ. உயர்த்தி வைத்து, காற்றிலேயே ஒரு முறை வெட்டவிட வேண்டும். பாதை பலகைக்குள் அடங்குகிறதா, கிளாம்ப்பில் மோதுமா என்பது அப்போது தெரியும். பிறகு ஒரு துண்டு எம்டிஎஃப்பில் 50 மி.மீ. சதுரம். அளந்தால் 49.8 வரக்கூடும். உடனே $100 எண்ணை மாற்றக் கை போகும், மாற்ற வேண்டாம். லீட் ஸ்க்ரூவில் அந்தக் கணக்கு அநேகமாகச் சரியாகவே இருக்கும். பிட்டின் உண்மையான விட்டம் 3.175 மி.மீ. இருக்க, கேமில் 3 என்று எழுதியிருந்தாலே சதுரம் அந்த அளவுக்குச் சிறுத்துவிடும்.